தொண்ணூறு நாள் டப்பா

தூத்துக்குடி
15 செப்டம்பர் 2024

அன்புள்ள பானு அக்காவுக்கு,

இதனால் சகல ஜனங்களுக்கும், குறிப்பாக அந்தமான் தீவில் குடியேறியிருக்கும் திருமதி பானுப்ரியா அவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: நேற்று சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நம் வீட்டில் ஒரு காலி பிளாஸ்டிக் டப்பா உரிய மரியாதைகளுடன் நூல் கட்டித் தொங்கவிடப்பட்டது. அம்மா அடுக்களையில் இருந்தபடியே விழாவுக்குத் தலைமை தாங்கினாள். அப்பா வாழ்த்துரை வழங்கினார்: "இதுக்குக் கரண்டு பில்லு ஏறுமாலே?"

இங்கே எல்லாரும் சுகம். சுகமில்லாதது என் கணக்கு மார்க் மட்டும்தான். அதன் பலனாக என் போன் அப்பாவின் கடைக் கல்லாவுக்குள் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது. அம்மாவின் போனில் பேசலாம். ஆனால் அவள் ஸ்பீக்கரைப் போடாமல் பேசமாட்டாள். நீ அங்கே "ஹலோ" என்றால், எதிர்வீட்டுப் பிச்சையா அண்ணாச்சி "நல்லாருக்கியாளா?" என்று இங்கே பதில் சொல்லுவார். ஆகவே, நீ தை மாதம் கல்யாணமாகிப் போகும்போது மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போன இருபது இன்லேண்ட் லெட்டர்களில் முதலாவதை எடுத்துவிட்டேன். "உன் கையெழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கு, எழுதிப் பழகு" என்றாயே, இதோ நண்டு புறப்பட்டுவிட்டது.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன். அனிஷா என்று ஓர் அக்கா காலேஜில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறாள். ரேடான் என்று ஒரு வாயு உண்டாம். மண்ணுக்குள்ளிருந்து தரை வெடிப்பு வழியாக வீட்டுக்குள் ஏறுமாம். நிறம் இல்லை, மணம் இல்லை, வாடகையும் தருவதில்லை. அதிகமாகச் சேர்ந்து வருஷக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்கு ஆகாது. எந்த வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நம் தெருவில் நாற்பது வீட்டில் வீட்டுக்கொரு டப்பா. உள்ளே நகம் அளவுக்கு ஒரு ஃபிலிம். ரேடான் அதில் கண்ணுக்குத் தெரியாமல் கீறிவைக்கும். தொண்ணூறு நாள் கழித்து எடுத்துப் போய்க் கீறலை எண்ணுவார்கள்.

அவள் வாசலில் நின்று "ரேடான் டெஸ்ட்" என்றதும் அப்பா முகம் வெளுத்துவிட்டது. "ரெய்டா? கடை பில்லெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு" என்றார்.

நாற்பது வீடும் ஏறி இறங்கி அவளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. நம் வீட்டு டப்பாவை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். உதவி விஞ்ஞானி பதவி! "தினமும் ஆள் புழங்குற ரூம்ல மாட்டணும். ஜன்னலை எப்பவும் போல வச்சுக்கணும். ரூம்ல யார் படுப்பா?" என்றாள். "அடியேன்தான்" என்று படிவத்தில் டிக் அடித்தேன்.

ஆமாம், உன் அறையில்தான் மாட்டியிருக்கிறேன். திருத்தம்: என் அறையில். நீ ரயிலேறிய மறுநாளே பட்டாபிஷேகம் முடிந்துவிட்டது. கட்டில் என்னுடையது, ஃபேன் என்னுடையது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகக் காற்று அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறது. உன் சிப்பிப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டு ஒரு கை பேரீச்சம்பழம் வாங்கினேன். பாதி கொட்டை. ஏமாற்றிவிட்டார்.

அத்தானுக்கு வணக்கம். உன் இருமல் போய்விட்டதா?

இப்படிக்கு,
அறையரசன் பாண்டித்துரை


போர்ட் பிளேர்
29 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி பாண்டிக்கு,

உன் நண்டு பத்து நாள் நீந்தி முந்தாநாள் கரையேறியது. நானும் அத்தானும் நலம். இருமல் போய்விட்டது. அதற்குப் பதிலாகக் காலையில் வாந்தி வந்திருக்கிறது.

புரிந்ததா? வைகாசியில் நீ தாய்மாமன் ஆகிறாய். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஸ்பீக்கரை அணைத்த பிறகு சொன்னேன். நீயும் இப்போதைக்கு வாயைத் திறக்காதே.

ஏழாம் மாதம் சென்னையில் என் மாமியார் அத்தை வீட்டில் வளைகாப்பு. அது முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் என்னை அழைத்துவந்துவிடுவார்கள். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான் என்று நிச்சயதார்த்தத்தன்றே அத்தானிடம் சொல்லிவைத்தவள் நான். அறையைக் காலிசெய்ய இப்போதே மனதைத் தேற்றிக்கொள், அரசே.

இங்கே கடல் நம் கடலைவிட நீலம். ஆனால் ஒரு வாசனையும் கிடையாது. அத்தான் ஆபீஸ் போனபின் பேச ஆள் இல்லை. பக்கத்து வீட்டம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. இருவரும் சிரித்துக்கொள்கிறோம். சுவரில் ஒரு பல்லி இருக்கிறது. பாண்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். உன்னைவிட நன்றாகச் சொன்னபடி கேட்கிறது.

சிப்பிப் பெட்டியை நிஜமாகவே போட்டுவிட்டாயா? கோபம் இல்லை. சும்மா கேட்டேன்.

கணக்கைப் படி. அம்மாவுக்கு முட்டுவலி எப்படி என்று எழுது.

அன்புடன்,
அக்கா


தூத்துக்குடி
13 அக்டோபர் 2024

வருங்காலத் தாயாருக்குத் தாய்மாமன் எழுதிக்கொண்டது,

நலம். அம்மாவின் முட்டும் நலம். செய்தி கேட்டதிலிருந்து அவள் வலியை மறந்து அடுக்களையில் ஓடுகிறாள். உளுந்தங்களி எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்று இப்போதே திட்டம். அப்பா கடையில் யார் வந்தாலும் காரணம் சொல்லாமல் ஒரு மிட்டாய் கொடுக்கிறார். அவருடைய ரகசியம் காக்கும் முறை அது.

அறையை விட்டுக்கொடுக்க மூன்று நிபந்தனைகள். ஒன்று, குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது என்னைக் கேட்க வேண்டும். இரண்டு, பல்லிக்கு வேறு பெயர். மூன்று, அரசன் நாடு துறப்பதால் ஒரு பிரிவுபசார விழா, புரோட்டாவுடன்.

சிப்பி போனது போனதுதான். அறையில் இப்போது என் கிரிக்கெட் படங்கள்தான். நீ அடையாளமே காணமாட்டாய்.

பிச்சையா அண்ணாச்சி வீட்டு டப்பா கதையைக் கேள். "இதுக்குள்ள என்னலே இருக்கு?" என்றார். "கேமரா, அண்ணாச்சி. நாம பேசுறது பூரா பதிவாகுது" என்றேன். அன்றிலிருந்து அவர் வீட்டில் சத்தமே இல்லை. அவர் சம்சாரம் என்னைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிறாள். "முப்பது வருசத்துல இப்பத்தாம்டே இவரு எங்கிட்ட மெதுவாப் பேசுதாரு" என்கிறாள். அறிவியலின் பயனை நான் கண்ணால் கண்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பல்லியையும் சாப்பிடச் சொல்.

மாமன் மகாராஜா பாண்டித்துரை


போர்ட் பிளேர்
6 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்கள் நலமா? தீபாவளிக்கு அத்தான் அதிரசம் செய்ய முயன்றார். அதை வைத்து இப்போது கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்திருக்கிறோம்.

பெரிய கடிதம் எழுத உடம்பு இடம் தரவில்லை. ஒன்று மட்டும் எழுது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன் இன்னும் தெரிகிறதா? நடுவே யாரோ மாடி எழுப்புவதாக அம்மா சொன்னாளே. நான் படிக்கிற காலத்தில் இரண்டு தெரியும். ஒன்று குனிந்தால் மற்றது நிமிரும். மத்தியானம் அங்கே உட்கார்ந்திருந்தால் உப்பளத்துப் பக்கமிருந்து ஒரு காற்று வரும். அது இப்போதும் வருகிறதா என்று எழுது. விவரமாக எழுது.

அன்புடன்,
அக்கா


தூத்துக்குடி
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். அரையாண்டுப் பரீட்சை. கணக்கைப் பற்றிக் கேட்காதே, அது என்னைப் பற்றிக் கேட்பதில்லை. இங்கே மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். அனைவரும் நலம், சற்று ஈரமாக.

கிரேன்கள் சௌக்கியம். உன்னை விசாரித்தன.

முந்தாநாளோடு தொண்ணூறு நாள் முடிந்தது. அனிஷா அக்கா குடையோடு வந்து டப்பாக்களைச் சேகரித்தாள். நம் வீட்டு டப்பாவை நானே கழற்றிக் கொண்டுபோய் வாசலில் ஒப்படைத்தேன். அவர் வீட்டு டப்பாவைப் பிச்சையா அண்ணாச்சி திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார். கேமரா இல்லை என்று தெரிந்ததும் மூன்று மாதம் சேர்த்துவைத்திருந்த சத்தத்தையெல்லாம் தெருவில் நின்று என் பெயருக்கு இறக்கினார். "ஏலே நயினார் மவனே! எங்க ஒளிஞ்சிருக்க?" நான் அம்மாவின் சேலைகளுக்குப் பின்னால் இருந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள். டாக்டர் என்ன சொன்னார்?

தலைமறைவு விஞ்ஞானி பாண்டி


தூத்துக்குடி
10 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

நீ பதில் எழுதாவிட்டாலும் வரலாறு நிற்காது. ரிசல்ட் வந்துவிட்டது!

தெருவிலேயே முதலிடம் நம் வீடு! ஒரு கனமீட்டர் காற்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பெக்கரல். அதுதான் ரேடானை அளக்கும் அலகு. மற்ற வீடெல்லாம் முப்பது, நாற்பது, மிஞ்சினால் அறுபது. பிச்சையா அண்ணாச்சி வெறும் இருபத்தொன்பது. என் கணக்கு மார்க்கும் அதேதான், அதை விடு. முந்நூறைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று அனிஷா அக்கா தலையைச் சொறிந்தாள். வீடு கட்டும்போது தாத்தா தேரிக்காட்டுச் செம்மண்ணைக் கொட்டித் தரையை மேடாக்கினாரே, அதுவாக இருக்குமோ என்று யோசிக்கிறாள். வாழ்க்கையில் முதன்முறையாக நம் குடும்பம் ஒன்றில் ஃபர்ஸ்ட். அதற்குக் காரணம் என் அறை! கீழே ஒரு கோப்பை வரைந்திருக்கிறேன், பார்.

பொங்கல் வாழ்த்துகள். அப்பா உனக்குப் பனங்கிழங்கு பார்சல் அனுப்பியிருக்கிறார்.

சாம்பியன் பாண்டித்துரை


போர்ட் பிளேர்
19 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். பனங்கிழங்கு வந்து சேர்ந்தது. அப்பாவிடம் சொல்.

உன் கோப்பையை அத்தானிடம் காட்டினேன். அவர் சிரித்தார். பிறகு அந்த எண்ணை இணையத்தில் தேடிப் பார்த்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. சென்னைக்கு அத்தையிடம் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக ஐந்து மாதம், பச்சைக் குழந்தையோடு அந்த அறையில் வேண்டாம் என்று அத்தை சொல்கிறார்கள். வளைகாப்பு முடிந்து அப்படியே சென்னையில் இருந்துகொள்ளலாம், ஆஸ்பத்திரியும் பக்கம் என்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். நான் சரி என்றேன்.

அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். நீ எதுவும் சொல்லவேண்டாம். எனக்கு எங்கே இருந்தாலும் சரிதான்.

அரசே, உன் நாடு பிழைத்தது. அறையை இனி யாரும் கேட்கமாட்டார்கள்.

மத்தியானக் காற்றைப் பற்றி நீ எழுதவேயில்லை.

அன்புடன்,
அக்கா


தூத்துக்குடி
27 ஜனவரி 2025

அக்கா,

நலம் விசாரிக்க இடமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கவலைப்படாதே, நான் இருக்கிறேன். அந்த எண் தப்பாக இருக்கும். ஃபிலிம் கெட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் எண்ணினவர் என்னை மாதிரி கணக்குப் புலியாக இருப்பார். எனக்கு அனிஷா அக்காவிடம் நல்ல செல்வாக்கு. நான் ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி அளப்பாள். அவளிடம் ஒரு பெட்டி மெஷின் இருக்கிறது. மணிக்கொரு முறை தானே எண் காட்டும், தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. அதையும் மீறி எண் குறையவில்லை என்றால் நானே கடப்பாரை எடுத்துத் தரையைத் தோண்டித் தேரி மண்ணைத் தேரிக்கே அனுப்பிவிடுவேன்.

உனக்காக இறக்கிவைத்த பித்தளைப் பாத்திரத்தை அம்மா மறுபடி பரணில் ஏற்றச் சொன்னாள். நான் ஏற்றவில்லை. கால் வலி என்று சொல்லியிருக்கிறேன்.

டிக்கெட்டை மாற்றாதே.

பாண்டி


போர்ட் பிளேர்
4 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

நலம். குழந்தை உதைக்கிறது. 26-ஆம் தேதி சென்னைக்கு விமானம். வளைகாப்பு மார்ச் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை. நீ அவசியம் வரவேண்டும்.

ஒரு சந்தேகம். அந்த ஜன்னலை நீ எப்படித் திறக்கிறாய்?

ஏன் கேட்கிறேன் என்றால், அதன் கொண்டி உப்புக்காற்றில் துருப்பிடித்து நாலு வருஷம் ஆகிறது. அப்பா முயன்று கையைக் கிழித்துக்கொண்டார். திறக்கும் வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும். நான் யாருக்கும் சொன்னதில்லை. நீயோ காற்று அனுமதி கேட்டுக்கொண்டு வருகிறது என்கிறாய். கிரேனைப் பற்றிக் கேட்டால் விசாரித்தன என்கிறாய்.

பூட்டியே கிடக்கும் அறையில் இந்த வாயு போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகுமாம். அத்தான் படித்துச் சொன்னார்.

ஒருவேளை உதவுமே என்று எழுதுகிறேன். வலது கதவை முழங்கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொண்டியின் அடிப்பக்கத்தைச் சங்கு முனையால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். சங்கு என் சிப்பிப் பெட்டியில் இருக்கும். பேரீச்சம்பழமாக மாறாமல் இருந்தால்.

அன்புடன்,
அக்கா


தூத்துக்குடி
16 பிப்ரவரி 2025

அன்புள்ள பானு அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நிஜமாகவே சுகம். எண்களையெல்லாம் அனிஷா அக்கா நேற்றே அத்தானுக்குப் போனில் சொல்லி, ரிப்போர்ட்டையும் அனுப்பிவிட்டாள். ஆக, நடந்தது உனக்குத் தெரியும். எண்ணில் வராத மிச்சம் என் கணக்கு. அதை ஸ்பீக்கரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எட்டாம் தேதி அனிஷா அக்கா பெட்டி மெஷினோடு வந்தாள். "எந்த ரூம் தம்பி?" என்று கேட்டு, நான் சாவி எடுக்கப் போனதைப் பார்த்ததுமே நின்றுவிட்டாள். "தினமும் படுக்குற ரூமுக்கு எதுக்குப் பூட்டு?" கதவைத் திறந்தேன். தரை முழுக்கத் தூசி. கதவிலிருந்து மேஜைக்கும் டப்பா தொங்கிய இடத்துக்கும் போய்வந்த என் கால்தடம் மட்டும் ஓட்டப்பிடாரம் பஸ் ரூட் மாதிரி ஒற்றைக் கோடாகக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் மேலே பார்த்தேன்.

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "உன் ஒரு டிக்கை நம்பி உங்க வீட்டு மண்ணையே சந்தேகப்பட்டு என் கைடுக்கு எழுதிட்டேன், தம்பி" என்றாள். செப்டம்பரில் நான் நிரப்பிய படிவத்தை எடுத்து என் கையில் பேனாவைக் கொடுத்தாள். "அறை தினமும் புழக்கத்தில் உள்ளதா?" ஆம் என்பதை அடித்துவிட்டு, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நண்டு கூட அன்று நேராக நடந்தது.

மூடிய அறையில் மெஷின் நானூறைச் சுற்றியே காட்டியது. ஃபிலிமும் சரி, எண்ணினவரும் சரி. ஜன்னலைத் திறக்கலாம் என்றால் அசையவில்லை. அப்பா சுத்தியலோடு வந்தார். பிச்சையா அண்ணாச்சி, கேமராக் கோபத்தை மறந்து, "ஒடச்சிருவோமாலே?" என்று ஆசையாகக் கேட்டார். நான் ஜன்னலுக்குக் குறுக்கே நின்றுவிட்டேன். நாலு நாள் நின்றேன். பன்னிரண்டாம் தேதி உன் கடிதம் வந்தது. முழங்கை, சங்கு, இரண்டு தட்டு. அவ்வளவுதான், திறந்துவிட்டது. அப்பா சுத்தியலைப் பின்னால் மறைத்துக்கொண்டார். மெஷின் இறங்கிக்கொண்டே வந்து மறுநாள் மத்தியானம் முப்பத்தெட்டில் நின்றது. மூன்று நாளாக அங்கேயே நிற்கிறது. தரையில் இருந்த வெடிப்பையும் கொத்தனார் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டார். தெருவில் நாம் இப்போது நடுவாந்திரம். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"நல்ல நேரம் பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று உன் அத்தை நேற்று அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது, பிச்சையா அண்ணாச்சிக்கும் கேட்டது. பித்தளைப் பாத்திரத்தை நான் ஏற்றாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

இனி, அரசன் கதை. பட்டாபிஷேகம் எதுவும் நடக்கவில்லை. நீ போன அன்று சாயங்காலம் உள்ளே போனேன். அறை உன் பவுடர் வாசனையாக இருந்தது. நாற்காலி முதுகில் உன் துண்டு கிடந்தது. வெளியே வந்து பூட்டினேன். திறந்தால் போய்விடும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு மெஷின் வரும்வரை உள்ளே போனது இரண்டே தடவை. டப்பா மாட்ட ஒன்று, அன்றைக்கே இன்லேண்ட் லெட்டர்களை எடுத்தேன். டப்பா கழற்ற ஒன்று. அம்மா "அந்த ரூமைப் பெருக்கினியாலே?" என்பாள். "பெருக்கிட்டேன்" என்பேன். அவளுக்கும் தெரியும். அவளும் உள்ளே போகவில்லை. ஆள் புழங்கும் அறையில் மாட்டு என்று அனிஷா அக்கா சொன்னபோது, இது புழங்காத அறை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கிரிக்கெட் படம் ஒன்றுகூட இல்லை. சிப்பிப் பெட்டி மேஜைமேல் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. பேரீச்சம்பழம் அப்பா கடையில் எடுத்தது.

கிரேன் இரண்டும் தெரிகிறது. மாடி நடுவில் வரவில்லை. இன்று மத்தியானம் பார்த்தேன், ஒன்று குனிந்தது, மற்றது நிமிர்ந்தது. காற்றும் வந்தது. அது வந்த அரைமணி நேரத்தில் உன் பவுடர் வாசனை போய்விட்டது. அதற்கு நான் பொறுப்பல்ல, ரிப்போர்ட்டில் அது இல்லை.

அத்தானுக்கு வணக்கம். உன் உடம்பு எப்படி? பல்லி சுகமா? அதன் பெயர் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி பாண்டித்துரை

பி.கு.: ஒரு வருஷமாக நான் ஹாலில் அப்பா பக்கத்தில்தான் படுக்கிறேன். அவர் விடும் குறட்டையை அளக்க மெஷின் இருக்கிறதா என்று அனிஷா அக்காவிடம் கேட்டேன். அந்த அளவுக்கு இல்லையாம். சீக்கிரம் வா.